‘ரத்தத்துலயே இருக்கு’: ஓர் எழுத்தின் வரலாறு

1

சாந்தோமில் ‘ப்ரமோட்டர்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை. பழைய வீட்டைப் பேசி முடித்து, முற்றத்தையும் கிணற்றையும் மூடி, நாலு மாடி ஃபிளாட்டாக எழுப்பி விற்கிறவர். உயிரியலிலும் ஒரு ப்ரமோட்டர் உண்டு. ஒரு ஜீன் எந்தச் செல்லில் வேலை செய்ய வேண்டும், எந்தச் செல்லில் சும்மா கிடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கும் டி.என்.ஏ. பகுதி அது. நான் எழுத வந்தது இந்த இரண்டாவது ப்ரமோட்டரைப் பற்றி. ஆனால் நான் அங்கே போய்ச் சேர்ந்தது முதலாவது ப்ரமோட்டர் நடமாடும் தெரு வழியாகத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், ரெண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டுகிற குளிர். கார்ப்பரேஷன் ஆள் வந்து விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிக்கொண்டு போனார். விவாக்ஸ் மலேரியா என்று முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டுச் சரியாகி, மூணு மாசத்தில் திரும்பவும் வந்தது. ஒரு கிளினிக்கில், பெயர் எதற்கு, வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் கடலோரக் குப்பத்திலிருந்து ஓர் அம்மா, மகனோடு. பையனுக்கு அது மூன்றாவது முறை. டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: “ஒங்க ஆளுங்களுக்கெல்லாம் இது ரத்தத்துலயே இருக்குதும்மா. மாத்திர என்னா பண்ணும்?” அந்த அம்மா பதில் பேசவில்லை. சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். என் முறை வந்ததும் அதே டாக்டர் நிமிர்ந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்: “நீங்க எப்படி சார் இதுல மாட்டுனீங்க?”

ஒரே கிருமி, ஒரே வகைக் கொசு. எங்கள் தெருவுக்கும் குப்பத்துக்கும் நடுவில் ஒரு ரோடுதான். அந்தப் பையனுக்கு அது ரத்தம். எனக்கு அது விபத்து. டாக்டரின் இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனதன் குறிப்புகளே இவை.

2

முதலில் உடம்பின் கணக்கைப் பார்த்துவிடலாம். விவாக்ஸ் மறுபடி மறுபடி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கல்லீரல். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேராகப் போய்ச் சேர்கிற இடம் கல்லீரல் செல்கள். அங்கே சில உடனே பெருகி ரத்தத்தில் இறங்குகின்றன. சில மாதக்கணக்கில் தூங்குகின்றன. குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், கல்லீரலில் தூங்குவதைத் தொடாது. அதற்கு ப்ரைமாகுயின் வேண்டும், அதையும் முழுசாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஆக, ‘ரத்தத்துலயே இருக்கு’ என்பது உடற்கூறு என்கிற அளவிலேயே தப்பு.

அடுத்தது ஊரின் கணக்கு. சென்னையின் மலேரியாவைச் சுமப்பது ஆனஃபிலிஸ் ஸ்டீபன்ஸி என்கிற நகரத்துக் கொசு. கிணறு, மாடித் தொட்டி, தரைத்தொட்டி, மூடாத டிரம் என்று மனிதர் சேர்த்துவைக்கும் சுத்தமான தண்ணீரில் முட்டையிடுவது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாடு 1958இல் ‘ஒழிப்பு’த் திட்டமாக மாறியது. கிராமத்துச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். 1965 வாக்கில் நாடு முழுவதும் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கிய நோயாளிகள் எண்ணிக்கை 1976இல் 64 லட்சமாக ஏறியது. நகரங்களை விட்டுவிட்டோம் என்று உணர்ந்து நகர்ப்புற மலேரியாத் திட்டம் கொண்டுவந்தது 1971இல்தான். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பகுதி சென்னையில்தான் பதிவானது. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரில் ஜனங்கள் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் என்ன செய்வார்கள்? குப்பத்தில் டிரம், எங்கள் தெருவில் கிணறும் மூடி போன மாடித் தொட்டியும். கொசுவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீர் பற்றிய ஒரு கேள்வி ரத்தம் பற்றிய கேள்வியாக மாறியது எப்படி? இங்கே வரலாறு தேவைப்படுகிறது.

3

சாந்தோம் தேவாலயம் இன்றுள்ள வடிவில் எழுந்தது 1896இல். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அந்தக் கொசு கடித்த உடம்பு ஹுசேன் கான் என்ற நோயாளியுடையது. ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. நோபல் பரிசு 1902இல் ரோஸுக்குக் கிடைத்தது.

அதே காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் (1885-1908) கருவிகளோடு மூக்குகளையும் மண்டைகளையும் அளந்துகொண்டிருந்தார். அந்த அளவுகள் சாதிவாரியாக 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகளுக்குள் போயின. பத்து வருஷம் கழித்து, முதல் உலகப்போரின் சலோனிக்கா முனையில் லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்டும் ஹன்கா ஹிர்ஸ்ஃபெல்டும் பல நாட்டுச் சிப்பாய்களின் ரத்த வகைகளைச் சோதித்து ‘இன’வாரியாகப் பட்டியலிட்டார்கள், அதில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. மூக்கிலிருந்து ரத்தத்துக்கு அளவுகோல் நகர்ந்தது. வகைப்படுத்தும் ஆசை மட்டும் அப்படியே இருந்தது. இந்த அளவுகளைக் கொண்டே அந்த ஆசையை மறுத்தவர் அம்பேத்கர். தீண்டப்படாதவர் யார் என்பது பற்றிய 1948ஆம் ஆண்டு நூலில், கூர்யேயின் மூக்கு அளவுகளை எடுத்துக்கொண்டு, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற வாதம் அந்த எண்களிலேயே நிற்கவில்லை என்று காட்டினார்.

என்றாலும் ஒரு சங்கடமான உண்மை மிச்சமிருந்தது. மலேரியா விஷயத்தில், ரத்தத்தில் நிஜமாகவே ஒரு வித்தியாசம் இருந்தது. அது சாந்தோமில் இல்லை, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம்.

4

1917இல் வியன்னாவில் வாக்னர்-யாவ்ரெக், மேகநோய் முற்றி மூளையைத் தாக்கிய நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றினார். காய்ச்சலின் சூட்டில் மேகநோய்க் கிருமி சாகும் என்பது கணக்கு. 1927இல் நோபல் பரிசும் வந்தது. அமெரிக்காவில் இதைச் செய்தபோது, கறுப்பின நோயாளிகள் பலருக்கு விவாக்ஸ் பிடிக்கவே இல்லை என்பது தெரிந்தது. 1930களின் ஃப்ளோரிடா ஆய்வுகள் இதைப் பதிவு செய்தன. ‘இன எதிர்ப்புசக்தி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததே விளக்கமாகிவிட்டது.

1950இல் லண்டனில், பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியிடம் புதிய ரத்த வகை ஒன்று அடையாளமானது. அவர் பெயராலேயே அது ‘டஃபி’ ஆயிற்று. சிவப்பணுவின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம் அது. ஏ, பி என்று இரண்டு வடிவம். 1955இல் ரூத் சேங்கரும் சகாக்களும் நியூயார்க்கின் கறுப்பின மக்களில் பெரும்பான்மையோருக்கு இரண்டு வடிவமும் இல்லை என்று கண்டார்கள். 1975இல் லூயி மில்லர் குழு குரங்கு மலேரியா ஒன்றைக் கொண்டு, ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைய டஃபிதான் வாசல் என்று காட்டியது. 1976இல் மனிதச் சான்று வந்தது: விவாக்ஸ் சுமந்த கொசுக்களால் கடிபட்ட 17 தன்னார்வலர்களில் (11 கறுப்பர், 6 வெள்ளையர்) தப்பியவர்கள் டஃபி இல்லாத ஐந்து கறுப்பர் மட்டுமே. மற்ற ஆறு கறுப்பருக்கும் காய்ச்சல் வந்தது. தோலின் நிறம் எதையும் தீர்மானிக்கவில்லை என்பது அந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது.

இதுவரை கதை எளிது. ‘அவர்களுக்கு அந்த ஜீன் இல்லை’ என்று எல்லோரும் நினைத்தார்கள். 1993இல் நியூயார்க் ரத்த மையத்தில் அசோக் சௌத்ரியின் குழு டஃபி ஜீனைப் பிரித்தெடுத்தது. பிறகுதான் சிக்கல். டஃபி இல்லாதவர்களிடமும் அந்த ஜீன் இருந்தது, முழுசாக. புரதத்தைச் சொல்லும் பகுதி, டஃபி ‘பி’ உள்ள வெள்ளையரிடம் இருப்பது போலவே இருந்தது. இருக்கிற ஜீன் ஏன் பேசவில்லை?

5

பதில் ப்ரமோட்டரில் இருந்தது. அந்தச் சொல் பாரீஸில் பிறந்தது. 1961இல் ஃப்ரான்ஸ்வா ஜேக்கபும் ஜாக் மோனோவும் பாக்டீரியாவை வைத்து, ஜீன்களில் இரண்டு வகை வேலை உண்டு என்றார்கள்: புரதத்தைச் சொல்வது ஒன்று, எப்போது சொல்ல வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. 1964இல் உல்மானையும் சேர்த்துக்கொண்டு எழுதிய கட்டுரையில், படியெடுப்பு தொடங்கத் தேவையான பகுதிக்கு ‘ப்ரமோட்டர்’ என்று பெயரிட்டார்கள்.

நமது சிறுபத்திரிகைச் சூழலுக்கு இந்த பாரீஸ் அந்நியமில்லை. 1982இல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்ததிலிருந்து நாம் பேசிக்கொண்டிருக்கும் பெயர்கள்தான் அங்கே பக்கத்து நாற்காலிகளில் இருந்தன. 1968இல் ஃப்ரெஞ்சு தொலைக்காட்சியில் ஜேக்கப், யாகப்சன், லெவி ஸ்ட்ராஸ், மரபியலாளர் லெரித்தியே நால்வரும் மொழிக்கும் உயிருக்குமான ஒப்புமையை விவாதித்தார்கள். ஜேக்கபின் 1970ஆம் ஆண்டு நூலுக்கு ஃபூக்கோ மதிப்புரை எழுதினார். தெரிதா 1975-76இல் அதே நூலை முன்வைத்து வகுப்பு நடத்தினார். அது புத்தகமாக வந்தது 2019இல். உயிரியல் ‘பிரதி’ என்ற சொல்லை எங்கிருந்து, எந்த உரிமையில் எடுத்துக்கொள்கிறது என்பது அவர் கேள்விகளில் ஒன்று. நம்மில் பலர் பிரதி, வாசிப்பு என்று இலக்கியத்துக்குள்ளேயே சுற்றிவந்தபோது அந்தச் சொற்களின் மறுபாதி உயிரியலில் இருந்ததைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

இனி வேலை நடக்கும் விதம். நம் உடம்பின் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ., சுமார் 300 கோடி எழுத்து. புரதம் சொல்லும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் புரதத்தை நேரடியாகச் சொல்லும் பகுதி மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. கல்லீரல் செல்லும் மூளைச் செல்லும் வேறுபடுவது ஜீன்களின் இருப்பினால் அல்ல. எந்த ஜீன் எங்கே படியெடுக்கப்படுகிறது என்பதனால். ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் ப்ரமோட்டர் இருக்கிறது. படியெடுக்கும் நொதியை அங்கே உட்கார வைக்கச் சில புரதங்கள் வர வேண்டும். அந்தப் புரதங்கள் செல்லுக்குச் செல் வேறு. தொலைவிலிருந்து ப்ரமோட்டரைத் தூண்டிவிடும் பகுதிகளும் உண்டு; டி.என்.ஏ. எவ்வளவு இறுக்கமாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். 2014இல் ஜப்பானை மையமாகக் கொண்ட ஒரு சர்வதேசக் குழு, சுமார் ஆயிரம் மனித செல், திசு மாதிரிகளில் எந்த ப்ரமோட்டர் எங்கே இயங்குகிறது என்று வரைபடமே போட்டது. ஒரே ஜீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரமோட்டர்கள், வேறு வேறு செல்களில் வேறு வேறாக இயங்குவது சாதாரணம் என்று தெரிந்தது.

டஃபிக்கு வருவோம். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது. ஆகவே அதன் புரதங்கள் எலும்பு மஜ்ஜையில், அது இளம் செல்லாக இருக்கும்போதே தயாராக வேண்டும். அந்த இளம் செல்களில் காட்டா-1 என்கிற புரதம் உண்டு. டஃபி ஜீனின் ப்ரமோட்டரில் அது பிடித்துக்கொள்ள ஒரு சிறு கொக்கி இருக்கிறது. 1995இல் பாரீஸில் டூர்னமில் குழு கண்டது இதுதான்: டஃபி இல்லாதவர்களிடம் அந்தக் கொக்கியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தைமின் இருக்க வேண்டிய இடத்தில் சைட்டோசின். காட்டா-1க்குப் பிடி கிடைப்பதில்லை. சிவப்பணு வரிசையில் ஜீன் மௌனம்.

ஆனால் அந்த வரிசையில் மட்டும். அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, டஃபி ‘இல்லாத’ மனிதர்களின் ரத்தக் குழாய்களின் உள்சுவர் செல்களில் டஃபி இருப்பதைக் காட்டியது. அந்தச் செல்கள் காட்டா-1ஐ நம்பி இல்லை. அவை வேறு வழியாக அந்த ஜீனை இயக்குகின்றன. ஒரே மனிதர், ஒரே ஜீன். ஓடுகிற ரத்தத்தின் அணுவில் இல்லை, ரத்தம் ஓடுகிற குழாயின் சுவரில் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மனித வேறுபாடுகளில் ‘ரத்தத்திலேயே இருக்கிறது’ என்று சொல்லத் தகுதி ஏதாவது ஒன்றுக்கு இருந்திருக்குமானால் அது இதுதான். அதையே பிரித்துப் பார்த்தால் கிடைப்பது ஓர் இனத்தின் சாரம் இல்லை. ஒருவகைச் செல்லின் வளர்ச்சியில் ஒரு கொக்கி நழுவியது, அவ்வளவே. 1999இல் பப்புவா நியூ கினியில் அதே இடத்தில் அதே எழுத்து மாற்றம் டஃபி ‘ஏ’ வடிவத்தின் மேல் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவோடு சம்பந்தமில்லாமல் தனியாக ஏற்பட்டது. இந்தியாவில் இந்த மாற்றம் அரிது; எனக்கும், குப்பத்துப் பையனுக்கும், அந்த டாக்டருக்கும் அநேகமாக ஒரே டஃபிதான்.

ஒப்புமையை நான் ஓரளவுக்கு மேல் இழுக்க விரும்பவில்லை. செல்லுக்குள் வாசகர் யாரும் இல்லை. காட்டா-1ம் ஒரு ஜீனின் விளைவு. அதற்கும் ஒரு ப்ரமோட்டர் உண்டு. அதைப் பிடிக்கவும் ஒரு புரதம். பின்னால் போகப் போக முதல் ஆசிரியன் என்று யாரும் அகப்படுவதில்லை. அதற்காக ‘எந்த வாசிப்பும் செல்லும்’ என்றும் ஆகிவிடாது. ஓர் எழுத்து தவறினால் வாசல் மூடுகிறது.

6

கண்டுபிடிப்பு வந்ததோடு அதிகாரம் ஒதுங்கிக்கொண்டதா என்றால், இல்லை. கறுப்பின மக்கள் பலருக்கு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும். ஐரோப்பிய உடம்புகளை வைத்து வகுத்த ‘இயல்பு’ அளவுக்குக் கீழே போவதால், அது குறைபாடாகவே எழுதப்பட்டது. 2009இல் இதற்கும் அதே டஃபி ப்ரமோட்டர் எழுத்துதான் காரணம் என்று தெரிந்தது. அவர்கள் நோயாளிகள் இல்லை. அணுக்கள் ரத்தத்தில் குறைவாகவும் திசுக்களில் போதுமாகவும் இருக்கின்றன என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ரத்தத்தில் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவம், புற்றுநோய் மருந்தைத் தள்ளிப்போட்டது, மனநோய்க்கான க்ளோசபைனை நிறுத்தியது, மருந்துச் சோதனைகளிலிருந்து அவர்களை ஒதுக்கியது. யாருடைய உடம்பு அளவுகோல் என்கிற கேள்வி தர்ஸ்டனின் அறையோடு முடிந்துவிடவில்லை.

‘டஃபி இல்லையென்றால் விவாக்ஸ் இல்லை’ என்ற விதியும் நிலைக்கவில்லை. 2010இல் மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களுக்கும் விவாக்ஸ் காய்ச்சல் வருவது உறுதியானது. ஆப்பிரிக்காவின் வேறு இடங்களிலிருந்தும் செய்திகள் வந்தன. 2023இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. டஃபி ‘இல்லாதவர்’களின் எலும்பு மஜ்ஜையில், சிவப்பணு உருவாகும் ஒரு கட்டத்தில், டஃபி கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு மறைகிறது. மூடியதாக நாற்பது வருஷம் சொல்லப்பட்ட வாசல் முழுக்க மூடியதில்லை. எந்தச் செல்லில் என்று மட்டும் கேட்டால் போதாது, அந்தச் செல்லின் எந்தப் பருவத்தில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

7

இன்று சென்னையில் மலேரியா வெகுவாகக் குறைந்திருக்கிறது. விரலில் குத்திய கார்ப்பரேஷன் ஊழியர்கள், கிணற்றில் விட்ட மீன், தொட்டிக்கு மூடி, கொஞ்சம் நல்ல மருந்து இவற்றின் கூட்டு வேலை அது. யாருடைய ரத்தமும் மாறிவிடவில்லை. ஸ்டீபன்ஸி மட்டும் பயணம் போயிருக்கிறது: 2012இல் ஜிபூட்டியில், 2016இல் எத்தியோப்பியாவில் தென்பட்டு, ஆப்பிரிக்க நகரங்களின் தொட்டிகளுக்கு இப்போது அது பிரச்சனை.

எங்கள் தெருவில் பழைய வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. ப்ரமோட்டர் போர்டு வைக்கிறார். தளம் போட்ட கான்கிரீட் மேல் தண்ணீர் தேக்குகிறார்கள். அடித்தளத்துத் தொட்டி மாதக்கணக்கில் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் தகரக் கொட்டகையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். அவர்களில் ஒருவருக்குக் குளிர் ஜுரம் கண்டால் தெருவில் பேச்சு எழுகிறது: “இந்த வடக்கத்தி ஆளுங்கதான் கொண்டாந்து உட்றாங்க.” வாக்கியம் அதேதான், குறிவைக்கப்படும் ஆள் மாறியிருக்கிறார். திறந்து கிடக்கும் தொட்டி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. படித்தவர் மத்தியில் ‘ரத்தம்’ போய் ‘டி.என்.ஏ.விலேயே இருக்கு’ என்று ஆகியிருக்கிறது. சாதிப் பெருமைக்கும் அது உதவுகிறது, பிறரைப் பழிக்கவும் உதவுகிறது.

டி.என்.ஏ.வில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வியை டஃபியின் வரலாறு தருகிறது: எந்தச் செல்லில், எப்போது, எது வந்து பிடித்ததால்? விஞ்ஞானமே அந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒரு வாக்கியமும் எழுத முடியாத நிலைக்கு வந்துவிட்டது. நாம் மட்டும் தர்ஸ்டனின் மொழியில், புதுச் சொற்களைப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கிளினிக்கில் அன்று நானும் வாய் திறக்கவில்லை. “நீங்க எப்படி சார் மாட்டுனீங்க” என்ற கேள்வியில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். “லிவர்ல இருக்குது டாக்டர், எங்க வீட்டு மாடித் தொட்டிலயும் இருக்குது” என்று அந்த அம்மாவின் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்பது பாதி உண்மைதான்.